சம்பந்தியின் சைக்கிளில் கல்லிடைக்குறிச்சிக்கு

தொண்ணூற்று நான்காம் வருஷ மார்கழியில், காலை ஏழு மணிக்கு வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன். அம்பாசமுத்திரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல் தடவை போகிறேன். முன்பு இதே வழியில் வண்டி ஓட்டியிருக்கிறேன். சேரன்மகாதேவி காப்பிக்கடையில் மாடு தானாக நிற்கும். பழக்கம் மாட்டுக்கில்லை, எனக்கு. அது கிடக்கட்டும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்க நினைத்திருந்தேன். தூங்கிவிட்டேன்; அம்பாசமுத்திரத்தில்தான் விழித்தேன். சம்பந்தி வீட்டில் பையை வைத்துவிட்டு, அப்பளம் வாங்கத் திரும்பக் கிளம்பினேன்.

"நடந்தா போவிய? என் சைக்கிளை எடுத்துட்டுப் போங்க" என்றார் சம்பந்தி.

ஆற்றுப்பாலத்து இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் நிறுத்தவில்லை. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன், வேட்டி பறந்தது, பிரேக்கைப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. அக்கரை மேட்டில்தான் வண்டி அடங்கியது.

கல்லிடைக்குறிச்சி சைக்கிள் கடைக்காரர் பெடலைச் சுற்றிப் பார்த்தார். "ஃப்ரீவீல் இறுகிப்போச்சு அண்ணாச்சி, அதான் சக்கரம் சுத்தச் சுத்த பெடலும் சுத்துது. வேற போடணும். சம்பந்தி வண்டிங்கிய, எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"என்னன்னு கேக்க? உங்க வண்டி ஓட்டைன்னா? பொண்ணு குடுத்த வீடுவே!"

உன் அப்பன் வந்து சைக்கிளைக் கெடுத்துவிட்டுப் போனான் என்று என் மகள் காலமெல்லாம் பேச்சு வாங்குவாள். அதுதான் பயம்.

பின்சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீல் பள்ளத்தில் அதைக் கழற்றும் சாவியை மாட்டி, சாவியை மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கினார். இனிச் சக்கரத்தைச் சுற்றினால் அது கழன்று வரவேண்டும். ஆனால் மிதிக்க மிதிக்க இறுகும் சாமான் அது. சம்பந்தியோ கனத்த சரீரம். மண்ணெண்ணெய் ஊற்றினோம், தட்டினோம், இருவரும் தொங்கினோம். அசையவில்லை.

எதிரே பாவநாசம் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடித்த டிரைவர் வந்தார். "தள்ளுங்கவே. மலையில நித்தம் ஸ்டியரிங் ஒடிக்குதேன், இது எம்மாத்திரம்?"

"லெஃப்ட்ல ஒடிங்கண்ணே! வரட்டும், வரட்டும்!" என்று கண்டக்டர் விசிலும் ஊதினார்.

டக்கென்றது. டிரைவர் சக்கரத்தோடு பழைய டயர்க் குவியலில் கிடந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

புது ஃப்ரீவீல் டிக்டிக்கென்று பாட, அப்பளத்தோடு திரும்பினேன். யாரிடமும் மூச்சு விடாமல் சைக்கிளை இருந்த இடத்தில் சாய்த்தேன்.

சாயங்காலம் சம்பந்தி வயலுக்குக் கிளம்பினார். தெரு இறக்கத்தில் போனார். போய்க்கொண்டே இருந்தார். "நில்லுலே! ஏலே, நில்லு!" என்று சைக்கிளை அதட்டியது கேட்டது. அப்புறம் வாய்க்காலில் சத்தம்.

தூக்கிவிட்டோம். "பெடலைப் பின்னால அமுக்குனா நிக்கும்லா! பிரேக்கைக் கழட்டிப் போட்டு அஞ்சாறு வருசமாவுது, இப்படித்தான நிறுத்துதேன்!" என்றவர், பளபளத்த ஃப்ரீவீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். மகள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

பஸ் ஏற்றிவிட வந்தவர் வழியெல்லாம் சைக்கிளை உருட்டியே வந்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். பஸ் நகரும்போது ஜன்னலோரம் வந்தார். "சம்பந்தி, தலைப்பொங்கலுக்குப் பொங்கப்படிச் சீர் கொண்டாருவியள்லா, அதோட ரெண்டு பிரேக்கும் சேத்துக் கொண்டாந்துருங்க."

கொண்டுபோனேன். பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள்குலையோடு தாம்பாளத்தில் பிரேக் வைத்துச் சம்பந்தி வீட்டுப் படியேறியவன் நம் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.