பச்சைக் கேற் வரைக்கும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரியை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. பெல்கிறேட்டிலிருந்து வந்த சேர்பியக் கிழவி. குசினியில் செத்தல் மிளகாய் பொரிக்கக்கூடாது என்பது அவளுடைய முதல் சட்டம். ஒருநாள் மறந்துபோய்ப் பொரித்துவிட்டேன். சட்டியோடு தூக்கிப் பின்வளவுக்குள் எறிந்தாள். அன்றைக்கு வெறுஞ்சோறு தின்றேன்.

லண்டனில் அக்காவைப் பார்க்கப் போகும்போது விமானம் பெல்கிறேட்டில் ஒரு பகல் நிற்கும் என்று வாய் தவறிச் சொன்னதுதான் வினை. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் குசினி மேசையில் பிடித்து இருத்தி அந்த நகரம் முழுக்க நடத்தினாள். உப்புப் போத்தல்தான் நடுச் சதுக்கத்தின் பழைய குதிரைச் சிலை. அதிலிருந்து கத்தியை நீட்டி வைத்தால் கடைத்தெரு. தெரு முடிகிற இடத்தில் ஒரு பாண் துண்டு, அதுதான் இரண்டு ஆறுகளும் சேருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோட்டை. கோட்டைக்குப் போகாமல் இடப்பக்கம் திரும்பினால் பெரிய தேவாலயம். எதிரே, பெயருக்குப் பதில் கேள்விக்குறி போட்ட சாப்பாட்டுக்கடை. அதைத் தாண்டி மூன்றாவது ஒழுங்கை, பச்சைக் கேற். அவள் பிறந்த வீடு.

"திருப்பிச் சொல்லு," என்பாள். பிழைவிட்டால், "உன்ரை தலைக்குள்ளை என்ன, களிமண்ணோ?"

ஒருநாள் சொன்னாள்: "வீடு இருக்கோ எண்டு மட்டும் பார். இருந்தா ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து சாவன். இல்லையெண்டா நான் ஏன் போகவேணும்?"

நீயும் உன் வீடும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

பெல்கிறேட்டில் மழை கொட்டியது. குதிரைச் சிலை வரைக்கும் போனேன். லண்டனுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து ஊறிவிட்டது. இவளுக்காக நான் ஏன் நனைய வேண்டும்? பக்கத்துக் கோப்பிக்கடைக்குள் புகுந்தவன், விமானத்துக்கு நேரமாகும்வரை எழும்பவில்லை.

மெல்பேர்ணுக்குத் திரும்பியதும் வாசலிலேயே மறித்தாள். "பாத்தியோ?"

"ஓம்," என்றேன். அவள் படிப்பித்ததை அப்படியே அவளுக்கு ஒப்பித்தேன். கடைத்தெரு, தேவாலயம், கேள்விக்குறி, மூன்றாவது ஒழுங்கை. கேற்றில் பெயின்ற் கொஞ்சம் உரிந்திருக்கிறது என்று என் கைச்சரக்கையும் சேர்த்துவிட்டேன். சட்டியை எறிந்ததற்குப் பழிவாங்கிய சந்தோசம் எனக்கு. அவள் கதிரையில் போய் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அடுத்த மாதமே டிக்கெட் எடுத்துவிட்டாள். உண்மையைச் சொல்லப் பல தடவை அவளுடைய அறைக்கதவு வரை போனேன். அவள் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு உடுப்பு மடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வெட்கமும் பயமுமாக இருந்தது. திரும்பி வந்துவிடுவேன்.

புறப்படும் காலையில் வீட்டுத் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பிறகு குசினிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நான் வரும் மட்டும் உன்ரை மிளகாயை விருப்பம்போலப் பொரி."

டாக்சி தெருமுனையில் திரும்பியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.