ஓடத்துறையில் கட்டிய தும்பு

கோவில்பதாகை என்னும் எங்கள் ஊர் வீட்டு மாட்டுக் கொட்டிலில், மாடு கட்டும் தும்பு ஒன்று தொங்குகிறது. மாடுகள் போய் வெகுகாலமாயிற்று. ஆயினும் கடலுப்பேறி விறைத்த அந்தக் கயிற்றை அவிழ்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

அதில் உப்பேறியது வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில். என் அண்ணியார் வடக்கே கழிமுகத்தருகில் ஓர் ஓடத்துறைச் சிற்றூரில் பிறந்தவர். உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் அங்கே ஓடத்தில்தான் கரை மாறும்; கடை திறப்பதுகூட நீர் ஏறும் வேளை பார்த்துத்தான். அவருடைய தந்தையார் அத்துறையின் ஓடக்காரர். தாயார் முன்னொரு மழைக்காலத்தில் அதே நீரில் மூழ்கிப் போனார், உடல் கிடைக்கவில்லை. தந்தைக்குக் காய்ச்சல் என்று சென்ற அண்ணியார் திரும்பாததால், தமையனாரும் நானும் அழைத்துவரப் போனோம்.

காய்ச்சல் தெளிந்து, காலையில் தாமே எங்களை அக்கரை சேர்த்த ஓடக்காரர், எங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். ஓடத்தைக் கட்டும் பொறுப்பு தமையனாருக்கு வந்தது. அவர் ஏரி நீரை மட்டுமே அறிந்த உழவர். தோளில் கிடந்த தும்பால் ஓடத்தின் நடுப்பலகையைத் துறைக் கம்பத்தோடு, முரட்டுக் காளையைக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினார்.

அண்ணியார் சோறு பரிமாறினார். புறப்பட மட்டும் மறுத்தார். "அப்பாவ ஒண்டியா உட்டுட்டு எப்டி வர்றது? பேச்சுத்துணைக்குக்கூட ஆளு இல்ல."

உண்டபின் துறைக்கு வந்தால் ஓடத்தைக் காணோம். கடலேற்றத்தில் நீர் உயர்ந்திருந்தது. தும்பு மட்டும் செங்குத்தாக நீருக்குள் இறங்கி விறைத்து நின்றது. அடியில் ஓடம், ஆளேற்றிக்கொண்டதுபோல் அசையாதிருந்தது.

"மாப்ளே, இது மாடு இல்ல. தண்ணி ஏறுனா ஓடமும் ஏறணும். கயித்த நீளமா உட வேணாமா?" என்றார் ஓடக்காரர்.

"அறுத்துக்கினு போய்டுமோன்னு கட்னேன் மாமா," என்றார் தமையனார்.

"போறதுக்குத்தான் அது கீது."

மாலையில் நீர் வற்றி ஓடம் மெல்ல வெளிப்பட்டது. பலகைகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. நடுப்பலகையில் ஓர் ஆள் அமரும் அகலம் மட்டும் காய்ந்திருந்தது. தமையனார் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். ஓடக்காரர் நெடுநேரம் அதையே நோக்கினார். பின்பு மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உங்கம்மா வந்துட்டா. எனக்குத் துணை கீது. நீ உன் ஊட்டுக்குப் போம்மா."

நீரை இறைத்துவிட்டு எங்களை ஏற்றினார். அண்ணியார் தும்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்த இடத்தை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். கரையிலிருந்து திரும்பிப் பார்த்தோம். வெற்றோடத்தைச் செலுத்திய அந்த முதியவர், எவருக்கோ பதில் சொல்லிக்கொண்டே போனார்.

அந்தத் தும்பில் மாடு கட்ட அண்ணியார் ஒருநாளும் விடவில்லை. அவரும் மறைந்துவிட்டார். ஆடிக் காற்றில் கொட்டிலின் கீற்றுகள் படபடக்கின்றன. மற்றக் கயிறுகள் ஊசலாடுகின்றன. அந்தத் தும்பு மட்டும், கீழே எதையோ பிடித்திருப்பதுபோல் நேராக நிற்கிறது.