பேசாமல் வைத்த அழைப்புகள்

எங்களுக்குத் தண்ணீர் லாரித் தொழில். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகப் போக, எந்தக் கிணற்றில் இறைத்தாலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஊரிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு போர்வெல் இருக்கிறது. யார் செய்த புண்ணியமோ, அதில் மட்டும் நல்ல தண்ணீர். ஒரு லாரியை என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், இன்னொன்றுக்கு ஒரு டிரைவர். போனை எடுத்து, எந்த ஊருக்கு எந்த வண்டி, யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பிரித்து அனுப்புவது என் வேலை. எனக்கு மாமியார் கொடுமை கிடையாது. அந்தக் குறையை இந்தப் போன் தீர்த்து வைத்தது. குளிக்கப் போனால் கூப்பிடும், சோற்றில் கை வைத்தால் கூப்பிடும், கோயிலில் கண்ணை மூடினால் கூப்பிடும்.

ஒரு கோடையில் என் வலது காது இரைய ஆரம்பித்தது. ராமநாதபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, "காதுக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்கம்மா" என்றார். தண்ணீர் லாரிக்காரிக்குக் கோடையில் லீவாம்! அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போன் கடையில் விசாரித்தேன். அந்தக் கடைக்காரர்தான் வாய்ஸ்மெயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கம்பெனி நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் பதிவு செய்து வைத்த என் குரல் பேசும். பீப் என்று ஒரு சத்தம் வந்ததும் அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நான் கை ஒழிந்த நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, வண்டியை அனுப்பலாம். கேட்கக் கேட்க எனக்குக் காதுவலி பாதி குறைந்த மாதிரி இருந்தது.

அன்று மத்தியானமே கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன். முதல் தடவை சேவல் கூவிவிட்டது. அடுத்த தடவை பக்கத்து வீட்டு ஆடு. கடைசியில் ஒருவழியாக, "வணக்கம். எங்கள் நிறுவனத்தை அழைத்தமைக்கு நன்றி. தங்கள் பெயர், ஊர், தேவைப்படும் லோடு ஆகிய விவரங்களைத் தெரிவிக்கவும்" என்று சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "யாரு இது, ரேடியோல நியூஸ் வாசிக்கிற அம்மாவா?" என்றார்.

முதல் வாரம் ஒரே கூத்துத்தான். "ஏத்தா, நாந்தேன். நம்ம வீட்டுக்கு ஒரு வண்டி அனுப்பு" என்று ஒரு பதிவு. எந்த நான், எந்த நம்ம வீடு? "இங்கன தண்ணி தீந்துபோச்சு" என்று இன்னொன்று. ஒருவர் என் பதிவுக் குரலோடு சண்டைக்கே போய்விட்டார்: "இந்தாம்மா, நீயே பேசிக்கிட்டுக் கெடந்தா நான் எப்பப் பேசுறது?" உப்பளத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "சாப்டியாத்தா?" என்று கேட்டுவிட்டு, பதிவு தானாக நிற்கும்வரை என் பதிலுக்காகக் காத்திருந்தார். அடுப்படியில் நின்றுகொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து, "சாப்டேன் பெரியப்பா" என்று சொன்னேன். பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

போகப் போகப் பழகிக்கொண்டார்கள். நானும் பழகினேன். அந்த வாய்ஸ்மெயில் பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்துவிட்டால் என் குரலுக்குப் பதிலாக ஒரு இங்கிலீஷ்காரப் பெண் வந்து ஏதோ சொல்லிவிட்டு இணைப்பை வெட்டுவாள். அதனால் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கேட்டு முடித்தவற்றை அழிப்பேன். யாரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்ட பதிவுகளும் நிறையக் கிடக்கும். நாலைந்து வினாடிதான் என்று காட்டும், அவற்றைக் கேட்பதுகூட இல்லை, முதலில் அவற்றைத்தான் அழிப்பேன். காது இரைச்சல் அடங்கியது. பல வருஷம் கழித்து ஒரு சாப்பாட்டை நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்டேன். அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்த கேத வீட்டுக்குத்தான் முதல் வண்டி. கல்யாண வீடோ கட்டட வேலையோ, யார் காத்திருந்தாலும் வண்டி அங்கே திரும்பிவிடும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும், வந்தவர்களுக்கு வேண்டும், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலை முழுக வேண்டும். உப்புக் கிணற்று ஊர்களில் இதற்கெல்லாம் எங்களை விட்டால் வேறு வழி இல்லை. அந்தக் கோடையில் ஒரு கேத வண்டிகூடப் போகவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. "இந்த வருசம் எமன் லீவு போட்டுட்டான் போல" என்றேன். "அவனுக்கும் காதுவலியோ என்னமோ" என்றார் என் வீட்டுக்காரர். இருவரும் சிரித்தோம்.

என்னோடு படித்த ஒருத்தி வாலிநோக்கம் போகிற வழியில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமியார் தவறிப்போனது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது, அதுவும் மளிகைக் கடையில் யாரோ பேசிக்கொண்டதிலிருந்து. அலறியடித்துக்கொண்டு போனேன். வாசலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வெறுமனே கிடந்தன. முந்தின நாள் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் கட்டிக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்களாம். அதுவரை அந்த அம்மாளைக் குளிப்பாட்டாமல் வைத்திருந்தார்களாம். சுடுகாடு போய்த் திரும்பிய ஆண்கள் உப்புக் கிணற்றிலேயே தலை முழுகினார்களாம்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, "ஏன்டி என்னையக் கூப்பிடலை?" என்று கேட்டேன். வண்டிக்குச் சொல்லும் பொறுப்பு அவள் கொழுந்தனிடம் இருந்திருக்கிறது. அவன்தான் சொன்னான்.

"கூப்பிட்டேன்க்கா, ஒண்ணுக்கு ரெண்டு தடவ. நீங்கதேன் பேசுனீங்க. பேரு, ஊரு எல்லாம் கேட்டீங்க. அப்புறம் கம்முனு இருந்தீங்க. எதிர்ல ஒரு ஆளு 'ஐயையோ'ன்னு கூடச் சொல்லாம, இந்தச் சேதிய எப்படிக்கா சொல்லுறது? சொல்ல வாய் வரல. வச்சுட்டேன்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கேதம் சொல்வது சும்மா தகவல் சொல்வது அல்ல. சொன்னதும் எதிராளி பதற வேண்டும், எப்போது என்று கேட்க வேண்டும், நேற்றுக்கூடப் பார்த்தேனே என்று அங்கலாய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சொன்னவருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வரும். நானும் இத்தனை வருஷமாக வண்டி எழுதுவதற்கு முன்னால் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். அதுவும் என் வேலையில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், இன்னும் அழிக்காமல் கிடந்த பேசாத பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் மூச்சு மட்டும். ஒன்றில் யாரோ தொண்டையைச் செருமி, செருமி, பிறகு வைத்துவிட்டார்கள். ஒன்றில் தூரத்தில் கொட்டுச் சத்தம், ஒரு பெண் மாரடித்து அழும் குரல். அழித்தவற்றில் என்னவெல்லாம் இருந்ததோ! எனக்கு அந்த மெஷின் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேத வீட்டைக் காக்க வைத்துவிட்டு எனக்கு எதற்கு லாரி, எதற்குக் கம்பெனி என்று வாய்விட்டுக் கத்தினேன். எடுத்துக் கடாசிவிடலாம் என்றால், காது மறுபடியும் இரையத் தொடங்கியிருந்தது.

போன் கடைக்காரரிடம் போய் விவரம் சொன்னேன். "ரொம்ப ஈஸிக்கா. கேதம்னா ஒண்ணை அழுத்தவும்னு சொல்லிருங்க, நேரா உங்க செல்லுக்கு வந்துரும்" என்றார். என் வீட்டுக்காரர் குதித்தார். "காதுகுத்துக்குத் தண்ணி சொல்ல வர்றவன் காதுல மொதல்ல கேதம்னா விழணும்? அப்புறம் ஒரு விசேச வீடும் நம்ம பக்கம் தலவச்சுப் படுக்காது." அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால், அவசரமென்றால் ஒன்றை அழுத்தவும் என்று மாற்றினேன். அன்றைக்கே டீக்கடைக்காரருக்கு அவசரம், கொத்தனாருக்கு அவசரம், செடிக்கு ஊற்றுகிறவருக்கும் அவசரம். எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீருக்கு அவசரப்படாத ஆள் யார்? என் செல்போன் பழையபடி மாமியாராகிவிட்டது.

சில நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்களை எதையாவது சொல்ல வைக்க வேண்டும் என்றே நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவர்களோ சொல்லாமல் வைத்ததன் மூலம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியவள்தான் அழித்துக்கொண்டிருந்தாள். இது பிடிபட்டதும் மறுபடியும் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். இந்தத் தடவை நியூஸ் வாசிக்கவில்லை.

"நாந்தேன் பேசுறேன். தண்ணி வேணும்னா ஊரு, வீடு, எத்தனை லோடுன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா ஒண்ணும் சொல்ல வேணாம், போனை வச்சுருங்க. நானே கூப்பிடுறேன்."

அதற்குப் பிறகு காலையும் மத்தியானமும் சாயங்காலமும், இடையில் கை ஒழியும் போதெல்லாமும், பேசாத பதிவுகளைத்தான் முதலில் பார்ப்பேன். ஒவ்வொரு நம்பருக்கும் திருப்பிக் கூப்பிடுவேன். பாதிக்குமேல் வெட்டி அழைப்புகள். சட்டைப் பையில் இருந்தபடி தானாக வந்தது, குழந்தை அமுக்கியது, கேட்பதற்குக் கூச்சப்பட்டு வைத்தது. அதில் எனக்கு எரிச்சல் வரும், மறுக்கவில்லை. ஆனால் சில அழைப்புகளில், நான் "சொல்லுங்க" என்றதும் மறுமுனையில் ஒரு அமைதி வரும். அப்போது அவசரப்படாமல் இருப்பேன். அவர்கள் சொன்னதும் பதறுவேன், உண்மையாகவே பதறுவேன். வண்டி போய்விடும்.

அந்த வருஷம் மார்கழியில் என்னைப் பெற்ற அய்யாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நான் பிறந்த ஊர் கமுதிப் பக்கம். அய்யா அங்கே விவசாயம் பார்த்தவர். தம்பிதான் கூட இருந்து கவனித்துக்கொண்டான். என் தம்பி சரியான வாயாடி. தினமும் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டு, அய்யா கஞ்சி குடித்தது, திரும்பிப் படுத்தது, மிளகாய்ச் செடிக்கு மருந்தடித்தார்களா என்று கேட்டது, ஊசி போட வீட்டுக்கு வரும் நர்ஸை வைதது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கம்பெனிப் பெட்டியைத் திறந்தேன். பேசாத பதிவு ஒன்று இருந்தது. நம்பரைப் பார்த்தேன். தம்பி நம்பர்.

அவன் இந்த நம்பருக்குக் கூப்பிட்டதே கிடையாது. என் சொந்த நம்பரில் தவறிய அழைப்பு எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு விளங்கிவிட்டது. அக்காவிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டாம், வைத்துவிடு, நானே கூப்பிடுகிறேன் என்று அக்கா குரல் சொல்கிற இடம் ஒன்று இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே வந்து நின்றிருக்கிறான்.

அந்தப் பதிவைப் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. திருப்பிக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான். பேசவில்லை. மற்றவர்களிடம் கேட்பதுபோல "சொல்லுங்க" என்று கேட்க என் நாக்கு புரளவில்லை. சொல்லச் சொன்னால் அவன் சொல்லிவிடுவான், அது உண்மையாகிவிடும்.

"வேணாம்டா, ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டி வருது" என்றேன்.

அவனிடமிருந்து ஒரு விசும்பல் மட்டும் வந்தது. வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பை அணைத்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டு போருக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் லாரிக்கு மேலே நின்று குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய லோடு. மோட்டார் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. நானே போய் மோட்டாரை நிறுத்தினேன்.

"என்ன புள்ள?" என்றார்.

"இந்த வண்டி கமுதிக்குப் போகட்டும்" என்றேன்.

அவர் குழாயைப் போட்டுவிட்டு அவசர அவசரமாக இறங்கினார். கால் வழுக்கி, டயரைப் பிடித்து நின்று, என் முகத்தையே பார்த்தார். "ஐயையோ" என்றார். "எப்ப?"

"கேக்கலைங்க" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.