ஸ்டீயரிங்கில் இருந்த முருகர்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரம் மீஞ்சூரில் நடந்தது இது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேனை நான்தான் ஓட்டுகிறேன். பழைய வேன், பள்ளிப்பட்டில் ஒருவரிடம் வாங்கியது. வாங்கும்போதே ஸ்டீயரிங்கின் நடுவில், ஹார்ன் அடிக்கும் இடத்தில், ஒரு பித்தளை வேல் ஒட்டியிருந்தது.

என் வண்டியில் வருபவர்களில் மூத்தவர் ஓர் அக்கா. முன்சீட்டில் ஏறியதும் எட்டி அந்த வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஏதோ முணுமுணுப்பார். அது முடிந்தால்தான் வண்டி கிளம்பலாம். ஷிப்டுக்கு நேரமாகிறதே என்று சாவியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பூஜைக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கும்போதுதான் வேலுக்கு அடியில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கவனித்தேன். ஏர்பேக்! வண்டி எதிலாவது மோதினால் அந்த மூடியைக் கிழித்துக்கொண்டு காற்றுப்பை வெளியே பாயும். அதன் மேல் ஒட்டியிருக்கும் வேல் நேராக என் நெஞ்சுக்குத்தானே வரும்?

நெம்பிப் பார்த்தேன். வேல் அசையவில்லை, மூடிதான் விரிசல் விட்டது. ஸ்டீயரிங்கும் வெயிலில் உரிந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும். மொத்தமாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். போன ஒர்க்‌ஷாப்பில் எல்லாம், "பழைய வண்டிக்கு ஏர்பேக் இன்னாத்துக்குமா? புடுங்கிட்டு சாதா ஸ்டீயரிங் மாட்டிக்கோ" என்றார்கள். நான் மசியவில்லை. உயிர் என்னுடையது, அவர்களுடையதா? அலைந்து திரிந்து, அதே மாடலுக்கான புது ஸ்டீயரிங்கை ஏர்பேக்கோடு வாங்கிவிட்டேன். மீஞ்சூரிலேயே ஓர் எலக்ட்ரீஷியன் மாட்டித் தர ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய ஷெட்டில் வண்டியை விட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றியவர், மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்று டீ குடித்துவிட்டு வந்துதான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். வேல் ஒட்டிய மூடி தனியாக வந்தது. பையும் அதை ஊத வைக்கும் மருந்தும் அதற்குள்தான் இருக்கின்றன. "நெஞ்சோட அணைச்சுத் தூக்காத. வேலு மேல பாத்த மாதிரி வை. சூடு பட்டா வெடிச்சிடும். நாளைக்கு சர்வீஸ் சென்டர்ல குடுத்துடலாம்" என்றார். மேஜை மேல் வைத்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்து, வேன் இல்லாததால் ரயிலில் வந்திறங்கிய அக்கா ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம முருகர என்கிட்ட குடுத்துடுமா. சாமி படத்தாண்ட வெச்சுக்கிறேன்" என்றார். எலக்ட்ரீஷியனுக்குக் கைகொடுத்துப் புது ஸ்டீயரிங்கின் ஒயரோடு மல்லாடிக்கொண்டிருந்த நான், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆகட்டும்க்கா, இருங்க" என்றேன். அவருக்கு "ஆகட்டும்" மட்டும்தான் கேட்டிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் மேஜை காலி.

எலக்ட்ரீஷியன் முகம் வெளுத்துப்போனது. "வெள்ளிக்கெழமையாச்சே. வெளக்கு ஏத்துவாங்களேமா!" என்றார். அக்காவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அவர் வீடு அடுத்த தெருவில்தான். ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. பூஜை அலமாரியில் முருகர் படத்தின் மேல் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சார்த்தி உட்கார வைத்திருந்தார் அந்த ஏர்பேக்கை. முன்னால் எரிந்த விளக்கின் சுடர் அதன் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா கையில் கற்பூரத் தட்டு.

செருப்போடு பாய்ந்தேன். "செருப்பு காலோட சாமியாண்ட வர்றியே, இன்னா பொம்பள நீ!" என்று அலறினார். பதில் சொல்ல ஏது நேரம்? விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். வெள்ளிக்கிழமை, அடுத்தவர் வீட்டு விளக்கை!

பூவும் பொட்டுமாக அதைத் தூக்கினேன். கையை நீட்டி, வேல் என்னைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு, "ஒதுங்குங்க, எதிர்ல வராதீங்க!" என்று கத்தியபடி தெருவில் நடந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் ஓரமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு "அரோகரா!" என்றார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு, ஷெட்டுக்குப் போய் அதை மேஜை மேல் வைத்த பிறகுதான் நீட்டிய கையை மடக்கினேன்.

மறுநாள் வேலோடு சேர்த்தே அதை ஒப்படைத்துவிட்டோம். திங்கட்கிழமை அக்கா வண்டிக்கு வரவில்லை. "ஊட்டு வெளக்க ஊதினவ வண்டில நான் ஏறமாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சுருக்கென்றது. ஆனால் விடுவதாக இல்லை. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்று, கையைப் பிடித்து இழுத்துப்போய் என் சீட்டில் உட்கார வைத்தேன்.

"வண்டி மோதினா, இந்த நடுவுல இருந்து பை வெடிச்சு வெளிய வரும்க்கா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. அப்போ முருகர் எங்க போயிருப்பாரு, நீங்களே பாருங்க" என்றேன்.

ஸ்டீயரிங்கைப் பார்த்தார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிறகு, "நீ பத்திரமா ஓட்டிக்கினு ஊடு போய்ச் சேரணும்னுதாண்டி தெனம் அத்தத் தொட்டுக் கும்புட்டேன். அது உன்னியவே பாத்துக்கினு இருந்துச்சா?" என்று அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன்.

மறுநாள் அக்காவே ஒரு காகித முருகர் படத்தைக் கொண்டுவந்து, வேன் கதவுக்கு மேலே உட்புறமாக ஒட்டினார். இப்போதும் அதைத் தொட்டு முணுமுணுத்துவிட்டுத்தான் உட்காருகிறார், ஷிப்டுக்கும் நேரமாகத்தான் செய்கிறது; ஆனால் அந்த வேண்டுதல் என் பேரில்தான் என்று தெரிந்த பிறகு, அவர் முடிக்கும்வரை என் கை சாவிப் பக்கமே போவதில்லை.