இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை

"உங்க தம்பி என்ன வேலை பாக்குறான்?" என்று யாராவது கேட்டால் போதும், தையல்கடை அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிடுவாள்.

"புள்ளி எண்ணுறான்!"

பெருமையில் கழுத்து ஒரு சாண் நீளும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சிறுநீரகக் கட்டியின் துணுக்குக்குச் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்ப்பது அவன் வேலை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு குரோமோசோமுக்கு இரண்டு சிவப்புப் புள்ளியும், இன்னொன்றுக்கு இரண்டு பச்சைப் புள்ளியும் மின்ன வேண்டும். பொல்லாத கட்டியில் பல செல்களில் ஏதாவது ஒரு புள்ளி காணாமல் போயிருக்கும். மேலோட்டப் பார்வைக்குச் சாதுவான கட்டியும் பொல்லாதது போலத்தான் இருக்கும். எண்ணினால்தான் வண்டவாளம் தெரியும்.

அக்காவின் சிறுநீரகத்திலேயே ஒரு கட்டி வந்தபோது, அதன் துணுக்கு இருந்த கண்ணாடித் தகட்டைத் தம்பி தொடவில்லை. சொந்தக்காரர் தகட்டை எண்ணக் கூடாது என்பது ஆய்வகத்தின் சட்டம். வேறு இருவர் தனித்தனியே எண்ணினார்கள். புள்ளிகள் குறைந்திருந்தால் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டிவரும்.

முடிவு வரும் நாளில் தம்பி விடுப்பு போட்டுக் கடைக்கு வந்துவிட்டான்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. பட்டனாவது தைக்கிறேன்."

உணவகப் பணியாளர்களுக்கான பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள். பதினொன்று முடிந்தபின்தான் அக்கா திரும்பிப் பார்த்தாள். எல்லாச் சட்டையிலும் இரண்டு பட்டன் சிவப்பு நூலில், அடுத்த இரண்டு பச்சை நூலில்!

"அடப்பாவி! சர்க்கஸுக்காடா தைக்கிறோம்?"

"ஐயையோ, நான் பாக்கவே இல்லக்கா!" என்றவன் கடைசிச் சட்டையைப் பார்த்து வெளிறினான். "பச்சையில ஒண்ணு காணோம்."

வெறும் பட்டன்தான் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் மிஷினுக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். அப்போது மேலே போன் அடித்தது. எழுந்த வேகத்தில் இரண்டு தலையும் மேஜையில் இடித்தன.

"நூறு செல்லையும் ரெண்டு பேரும் எண்ணியாச்சும்மா," என்றார் டாக்டரம்மா. "எதுவும் தொலையல. மத்த சோதனையும் சாதுன்னுதான் சொல்லுது. சிறுநீரகம் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

அக்கா தரையிலேயே உட்கார்ந்து, விக்கல் வரும்வரை சிரித்தாள். காணாமல் போன பட்டன் பச்சை நூலோடு அவள் முந்தானையில்தான் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சுடறேன்க்கா," என்றான் தம்பி, கண்ணைத் துடைத்தபடி.

"பதினொண்ணைப் பிரி. இதுல அந்தப் பட்டனை வெச்சுத் தைச்சுக் குடு. அவங்களுக்கு வேற ஒண்ணு தைச்சுக்கலாம். ஸ்கேனுக்குப் போறப்பல்லாம் இதைத்தான் போட்டுக்கப் போறேன்!"