பூஜையறைமேல் ஏறிய ஜன்னல்

நீரஜாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வேலையை இன்னும் சுத்தமாகச் செய்வாள். தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால், சுப்புராயன் சாரின் கட்டட வரைபட ஆபீஸில் என் பக்கத்துக் கம்ப்யூட்டர் அவளுடையது.

வீட்டுப் படத்தைத் தாளில் அடுக்கும்போது வியூபோர்ட் என்று ஜன்னல்கள் வைப்போம். பெரிய ஜன்னலில் முழு வீடும் தெரியும். சின்னதில் குளியலறையோ சமையல் மேடையோ பெரிதாகத் தெரியும். ஜன்னல்களின் ஓரக்கோட்டை மறைத்துவிட்டுத்தான் பிரிண்ட் எடுப்போம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் வந்தது வினை, இரண்டின் கோடுகளும் கலந்து அச்சாகும். நான் அடிக்கடி மாடிப்படியைச் சமையலறைக்குள் இறக்குவேன். நீரஜா வந்து பிரித்து வைப்பாள். அவள் தாளில் ஜன்னல்கள் இடித்து நான் பார்த்ததே இல்லை.

1997இல் வெங்கடரமணன் வந்தான். 'வந்தார்' என்று சொல்ல என் வாய் வராது. திருவான்மியூர் மனையில் வீடு கட்டவேண்டுமாம், அம்மாவும் புது மனைவியும் கூட வந்திருந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு மயிலாப்பூரில் நீரஜாவைப் பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி தின்று, பாட்டும் கேட்டுவிட்டுப் போனவன் இவன்தான். பதிலே வரவில்லை. அவள் அப்பா அனந்தராமன் அடையாறில் அவர்கள் வீட்டுக்கே நேரில் போய்க் கேட்டார். அந்த அம்மாள் கம்பிக் கதவைக்கூடத் திறக்காமல், "கோடு போடறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை.

இப்போது எதிரில் நின்றும் அவர்களுக்கு நீரஜாவை அடையாளம் தெரியவில்லை.

"காபில வெளக்கெண்ண ஊத்திக் குட்த்துடலாமா?" என்றேன்.

"வேண்டாம் ரூபீனா. எங்கப்பா பேரை அவா வாயால சொல்லி மன்னிப்புக் கேக்கணும். அது போறும் எனக்கு."

அந்த அம்மாளுக்கு வாஸ்துப் பைத்தியம். பூஜையறையை மூலைக்கு மூலை இழுத்தடித்திருந்தாள். நீரஜா குளியலறை தெரியும் சின்ன ஜன்னலை எடுத்து, அதிலிருந்த படத்தைப் பெரிய ஜன்னலின் ஸ்கேலுக்கே சுருக்கினாள். அதற்குள் மட்டும் சுவர்களையும் குழாய்களையும் மறைத்தாள். கக்கூஸ் கோப்பை மட்டும் மிஞ்சியது. ஜன்னலை நகர்த்திப் பூஜையறைமேல் உட்கார வைத்தாள். சாமி மேடைக்கு நேர் எதிரே கோப்பை. ஓரக்கோடு இல்லாததால் ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சார் தாளை விரித்தார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"சிவ சிவா! ஸ்வாமி ரூம்ல என்ன இந்தக் கண்றாவி?"

"வைரஸ் மாமி, கம்ப்யூட்டர் வைரஸ்," என்று சார் சமாளித்தார்.

நீரஜா எழுந்தாள். "வைரஸ் இல்லை. நான்தான் வெச்சேன். மயிலாப்பூர் அனந்தராமன் பொண்ணு."

"எந்த அனந்தராமன்?"

"பொண்ணு பாக்க வந்தேளே. அப்புறம் உங்காத்து வாசல்ல வந்து நின்னாரே, அவர்."

அந்த அம்மாள் யோசித்தாள். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். "எத்தனையோ ஆத்துக்குப் போனோம். யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" வெங்கடரமணன் பேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீரஜாவின் முகம் செத்துப்போயிற்று. சார் அவளை முறைத்துவிட்டு, அம்மாவையும் பிள்ளையையும் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே காருக்கு அழைத்துப் போனார்.

அவன் மனைவி மட்டும் பின்தங்கினாள். அதுவரை வாயே திறக்காத பெண்.

"எங்கப்பாவும் அந்த வாசல்ல நின்னிருக்கார்," என்றாள். "அவர் பேரும் அவாளுக்குத் தெரியாது. 'அந்தக் கும்பகோணத்தான்'னுதான் சொல்லுவா. அந்தப் படத்தை எனக்குத் தரேளா?"

நீரஜா கொடுத்தாள். அந்தப் பெண் அதைச் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது உங்களுக்கு எதுக்கு?" என்று நீரஜா கேட்டாள்.

"அந்த ரூம்ல தினம் விளக்கேத்தப் போறது நான்தானே. ஏத்தறச்சே இதை நினைச்சுண்டு ஏத்தறேன்."