தாய்மாமனுக்குக் கட்டிய குச்சு

மஸ்கட்டில் ஒரு டயர் கடையில் கணக்குப் பார்க்கிறவன் நான். சொந்த ஊர் சின்னமனூருக்குப் பக்கம். கொரோனா வந்த வருஷம் என் தங்கையின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. உலகமே முடங்கிக் கிடக்கும்போது கல்யாணத்துக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதும், பெண்ணைப் பெற்றவர்கள் வெளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கும்பிடு போட்டார்கள். மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், கோபித்துக்கொள்கிற சொந்தக்காரனிடம் "என்னய்யா செய்யிறது, கவர்மெண்டு உத்தரவு" என்று சொல்லிவிடலாம். அந்த ஆவணியில் எங்கள் பள்ளத்தாக்கில் கெட்டிமேளம் ஓயவே இல்லை.

எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"அண்ணே, நீ வராம என் மக கழுத்துல தாலி ஏறாது, பாத்துக்க" என்றாள் தங்கை போனில்.

ஊருக்கு வந்தால் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே தனியாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அதையும் கணக்கில் சேர்த்து, முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே மதுரைக்கு டிக்கெட் எடுத்தேன். கணக்குப்பிள்ளை அல்லவா. அந்த விமானம் ரத்தானது. திருச்சிக்கு எடுத்தேன், அதுவும் ரத்து. பணத்தைக் கேட்டால், உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கிறது சார், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சரி, அடுத்த விமானம் எப்போது என்றேன். அதை இப்போது சொல்ல முடியாது சார் என்றார்கள். போனில் காத்திருக்கும்போது அவர்கள் போட்டுவிடுகிற இசையைக் கேட்டுக் கேட்டு, என் மனைவி சமையலறையில் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் கொச்சிக்கு இடம் கிடைத்தது. அதற்குள் தனிமைக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த நாட்களை விமானக் கம்பெனிக்காரன் தின்று தீர்த்திருந்தான். நான் கிளம்பியபோது முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

விமானத்தில் எனக்கு நடு சீட்டு. நடுவில் இருப்பவருக்கு மட்டும் உடம்பு முழுக்க மூடும் ஒரு வெள்ளை அங்கி கொடுத்தார்கள். ஜன்னலோரம் இருப்பவரையும் வழியோரம் இருப்பவரையும் அந்தக் கிருமி மரியாதையாக விட்டுவிடுமாம். முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்று அறிவித்தார்கள், அறிவித்த கையோடு ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கவசத்தை இறக்கி, ஒரே நேரத்தில் மென்றோம். கொச்சியில் சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வரிசை வரிசையாக இறங்குங்கள் என்று பணிப்பெண் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மொத்த விமானமும் நடுவழியில் வந்து ஒருவர் முதுகில் ஒருவர் நின்றது. என் முதுகில் நின்றவர் இருமினார்.

கொச்சியிலிருந்து காரில் குமுளி. கேரள எல்லையில் ஒருவர் "சேட்டா, கை" என்று வாங்கி, புறங்கையில் முத்திரை குத்தினார். மலை இறங்கினால் லோயர் கேம்ப்பில் நம் ஆட்கள். கேரளாக்காரன் குத்திய முத்திரை இங்கே செல்லாது என்று இன்னொரு கையில் குத்தினார்கள். மூக்கில் ஒரு குச்சியை விட்டுக் குடைந்துவிட்டு, முடிவு போனுக்கு வரும், அதுவரை வீட்டை விட்டு நகரக்கூடாது என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். விமானக் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்ன அதே பதிலை இவர்களும் சொன்னார்கள்.

எங்கள் அப்பா எனக்கும் தங்கைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு பிரித்துக் கொடுத்திருந்தார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம், அதில்தான் கல்யாணப் பந்தல். வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கிற என் வீட்டை நான் திறந்து நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கவசம் தாடைக்குக் காவலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். "உள்ளே வராதீர்" என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சார் வெளிய வந்தீகன்னா தெருவுக்கே தகரம் அடிச்சு அடைச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும், ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மொத்தத் தெருவும் என் வாசலில் கூடியது. படித்து முடித்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"தலைக்கு இவ்வளவுன்னு மேலயிருந்து பணம் வருதாம்ல. அதுக்குத்தான் நல்லாருக்குறவுகளப் புடிச்சு அடைக்கிறாக" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மூக்குல விடுற குச்சியிலதான் நோவே இருக்காம். எங்க கொழுந்தியா வீட்டுக்காரரு சொன்னாரு" என்றாள் அவர் மனைவி.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடிக்கப் போனார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வருகிறவர் அவர். நான் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுத் தப்பித்தேன்.

"நீங்க எதுக்கு மச்சான் பயப்படுறீக? பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆராய்ச்சின்னு வந்து மலையக் குடைஞ்சா ஒரு கேடும் வராதுன்னு சொன்னாகள்ல, அதே ஆளுகதான் இப்ப ரோட்டுல நடந்தாலே செத்துருவன்னு சொல்றாக. எதையாச்சும் ஒண்ண நம்புற மாதிரி சொல்லச் சொல்லுங்க" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நடு சீட்டுக்கு மட்டும் அங்கி போட்டவர்களையும், இரண்டு கையிலும் முத்திரை குத்தியவர்களையும் பார்த்துவிட்டு வந்தவன் நான். குச்சனூர்க் கோயிலைக்கூடப் பூட்டிவிட்டு, ஊரையே பிடித்து ஆட்டுகிற சனீஸ்வரரையே தனிமையில் வைத்திருந்தார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டா நான் மாலையை விடுவது? முகூர்த்தத்தன்று பட்டு வேட்டி கட்டி மணையில் ஏறுவது என்று முடிவு செய்தேன். ஸ்டிக்கரை அன்றைக்குள் யாரோ பாதி கிழித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே கல்யாணப்பெண் வந்து நின்றாள். மூக்கையும் வாயையும் இறுக மூடியிருந்தாள். அந்தத் தெருவில் ஒழுங்காகக் கவசம் போட்ட ஒரே ஆள்.

"மாமா, நீங்க மணைக்கு வரப் போறீகன்னு அப்பா சொன்னாக."

"வராம? தாய்மாமன்டீ நான்."

"அப்பாவுக்கு இருக்குற ஒடம்புக்கு இது ஒட்டுச்சுன்னா தாங்குமா? நீங்க வந்து நின்னா நான் மணையில உக்கார மாட்டேன். எந்திரிச்சுப் போயிருவேன்."

நான் கத்தினேன். இந்த மாலைக்காக நான் பட்ட பாடு தெரியுமா என்றேன். சத்தம் கேட்டுத் தங்கை ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்தாள். மாலை எடுத்துக் கொடுக்காத தாய்மாமனும் வேண்டாம், மணையை விட்டு எழுந்த மகளும் வேண்டாம் என்று அழுதாள். பெண் அசையவில்லை.

"அந்த ஸ்டிக்கர ஒருத்தரும் மதிக்கல, மாமா. நம்ம ஊரு எத மதிக்குமோ அதச் செஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் அவளும், ஆறாவது படிக்கிற அவள் தங்கையும் முற்றத்துக்குப் பச்சைத் தென்னை ஓலைகளை இழுத்து வந்தார்கள். முற்றத்தில் என் வீட்டுப் பக்கத்து மூலையில் நாலு கம்பு நட்டு, சுற்றிலும் ஓலை சாத்தினார்கள். வாசலில் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவர்கள் கட்டியது குச்சு.

வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக உட்கார வைக்க எங்கள் பக்கம் கட்டுகிற ஓலைக் குடிசைக்குத்தான் குச்சு என்று பெயர். அதைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மூத்தவள் பெரியவளானபோது இதே மூலையில் அவளுக்கு நான்தான் கட்டினேன். அதற்காகவே மஸ்கட்டிலிருந்து வந்தேன்.

"உக்காருங்க மாமா. இதுக்குள்ள இருந்து பாத்தா மணை நல்லாத் தெரியும்."

மீசை வைத்த ஒரு மனிதன், டயர் கடைக் கணக்குப்பிள்ளை, குச்சுக்குள் உட்கார்ந்தேன். தெருவே வந்து சிரித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்க ஸ்டிக்கரைத் தாண்டி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தர்கூட அந்த உலக்கையைத் தாண்டவில்லை. தகரம் அடிப்பேன் என்றதற்கு அடங்காத ஜனம் ஓலைக்கு அடங்கியது. பெண்கள் தட்டைத் தொடாமல் சோற்றைத் தூக்கிப் போட்டார்கள், டம்ளரில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை பழக்கம். எதிர்வீட்டம்மாள் பழக்கதோஷத்தில் நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களியே கிண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சாப்புடுங்க, இடுப்புக்குப் பெலம்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குச்சை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். போனில் படம் எடுத்து, மக்கள் ஒத்துழைப்போடு தனிமைப்படுத்தல் என்று யாருக்கோ அனுப்பினார்.

முகூர்த்தத்தன்று மாலையைத் துரட்டியில் மாட்டித்தான் கொடுத்தேன். முருங்கைக்காய் பறிக்கிற அந்த நீளக் கம்பின் ஒரு முனை என் கையில், மறுமுனையில் சம்பங்கி மாலை. மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண் சிரிக்காமல் மணையிலிருந்து குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என் கண் நிறைந்துவிட்டது. தங்கை அழுதுகொண்டே குலவையிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மாலையைக் கையில் வைத்திருந்தபோது எனக்குப் பூ வாசனையே வரவில்லை. பூக்காரன் பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டான் என்று முதலில் அவனைத் திட்டினேன். அப்புறம் காலையில் மிச்சம் வைத்த களியை எடுத்து முகர்ந்தேன். நல்லெண்ணெய் வாசனையும் இல்லை. பத்தி புகைந்துகொண்டிருந்தது, அதுவும் இல்லை. அப்போதுதான் பயந்தேன். என் உயிருக்காக அல்ல. மணைக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்காரர் அந்த மெலிந்த உடம்போடு பட்டுச் சட்டையில் நின்று எல்லோரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் ஏறியிருக்க வேண்டிய இடம் அவருக்கு ஒரு முழம் தள்ளி. இந்தத் தடவை நடுவில் இழுத்துப் போட நாற்காலியும் இருந்திருக்காது.

சாயங்காலமே காய்ச்சல் வந்தது. பட்டதெல்லாம் நான் ஒருவன்தான், வேறு யாருக்கும் ஒட்டவில்லை. மாத்திரைகளை அந்த இன்ஸ்பெக்டர்தான் தினமும் உலக்கைக்கு அந்தப் பக்கமிருந்து வீசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். லோயர் கேம்ப்பில் எடுத்த சோதனையின் முடிவு நான் காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தபோது போனுக்கு வந்தது. உங்களுக்குத் தொற்று இல்லை, மகிழ்ச்சி என்று இருந்தது.

தங்கை வீட்டுக்காரர் இன்றுவரை நல்லபடியாக இருக்கிறார். கொரோனா என்பதே கட்டுக்கதை என்கிறார். "அப்படி ஒண்ணு இருந்திருந்தா மொத ஆளா எனக்குல்ல மச்சான் வந்திருக்கணும்?" என்று தன்னையே சாட்சியாகக் காட்டுகிறார்.

மறுவீட்டுக்கு வந்தபோது மூத்தவள் குச்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, எனக்கு முதுகு வலித்தது, சலித்துப் போயிருந்தேன்.

"எப்பத்தான் தாயி என்னைய வெளிய விடுவ?"

"பெரியவுக சொல்லுவாக, மாமா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் இந்தக் குச்சுக்குள் இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, இதே கேள்வியை என்னிடம் கேட்டாள். இதே பதிலைத்தான் நான் சொன்னேன். அவளுக்கு எந்த நோயும் இல்லை.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அவளே ஓலைகளைப் பிரித்துக் குவித்துக் கொளுத்தினாள். அவள் தங்கை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"காய்ச்சல் வந்தா இதக் கட்டுங்க மாமா. வயசுக்கு வந்தா கட்டாதீக" என்றாள் மூத்தவள். நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்துத் தங்கை மஸ்கட்டுக்குப் போன் செய்தாள். "அண்ணே, சின்னவ ஒக்காந்துட்டா. நீ வந்துதான் குச்சு கட்டணும். இவுக அப்பா ஓலைக்கெல்லாம் சொல்லிட்டாக." விமானங்கள் அப்போது பஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. உடனே வருகிறேன் என்றேன். மறுநாள் கூப்பிட்டு, ஃபிளைட் கேன்சலாயிருச்சு தாயி என்றேன். அதற்கடுத்த நாளும் கேன்சல். ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது வைத்துக் கட்டிவிடலாம் என்று தெருவில் சொன்னார்களாம், என் அண்ணன் கையால்தான் என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாளாம். கலெக்டர் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் நம்பாத எங்கள் தெரு, விமானம் ரத்து என்றதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பியது. விமானக் கம்பெனிக்காரனை வாயாரத் திட்டினார்கள். அந்தத் திங்கட்கிழமை சின்னவள் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அன்று மூத்தவளிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. "மாமா, நீங்க சொன்ன ஃபிளைட்டு ரெண்டு நாளும் சரியான டைமுக்கு எறங்கியிருக்கு. நெட்டுல பாத்தேன்."

"பெரியவுக சொன்னா நம்பணும், தாயி" என்று பதில் போட்டேன்.